மலிவுக் கணினியின் தகுதி: பெரியமடுவை வைத்து ஒரு மதிப்பீடு

வயதான உறவினருக்குக் கணினி வாங்கும் குடும்பங்கள் தேவை சிறியது என்பதால் கருவியும் சிறியதாக இருந்தால் போதும் என்று முடிவு கட்டிவிடுகின்றன. வீடியோ அழைப்பு, பத்திரிகை, நாலு கடிதம். இதற்கு எதற்கு நல்ல கணினி என்று கேட்டு, கடையில் ஆகக் குறைந்த விலையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மலிவுக் கணினி முயற்சிகளான சிம்ப்யூட்டர், நூறு டொலர் மடிக்கணினி, ஆகாஷ் டப்லட் எல்லாம் ஏறத்தாழ இதே கணக்கில் பிறந்தவைதான். 2011 ஒக்டோபரில் வந்த முதல் ஆகாஷின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அதன் தொடுதிரை விரலை அழுத்தி ஊன்றினால்தான் அசைந்தது. நோக்கத்துக்காக மதிப்பெண் கொடுக்கலாம்; கருவிக்குக் கொடுக்க முடியாது.

இந்த மதிப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் களம் பெரியமடு. மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பிரிவில் வயலும் காடுமாகக் கிடக்கும் ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இப்பகுதிக் குடும்பங்கள் பலவும் புத்தளம் போயின; பெரும்பாலும் யுத்தம் முடிந்த பிறகே திரும்பின, அதுவும் முழுமையாக அல்ல. தமிழ்க் குடும்பங்களையும் யுத்தத்தின் கடைசி ஆண்டுகள் பெயர்த்தெறிந்தன. ஆகவே இங்கே ஒரு வாப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ கணினி செய்ய வேண்டிய வேலை இரண்டு. புத்தளத்திலும் கொழும்பிலும் கடல் கடந்தும் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைக் காட்ட வேண்டும். காணி உறுதி, பெர்மிட், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இடம்பெயர்வில் காகிதத்தைத் தொலைத்தவர்களுக்கு இரண்டாவது வேலை முதலாவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. கணினிகளை ஒப்பிடுகிறவர்கள் இதை ஓர் அளவுகோலாகவே எடுப்பதில்லை என்பது என் முதல் குறை.

டப்லட் முகத்தைக் காட்டுவதில் வெல்கிறது. தொட்டால் திறக்கும், பற்றரி நிற்கும், தமிழில் பேசினால் எழுத்தாகும். ஆனால் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, திருத்தி, அச்செடுக்கப் போகும்போது அதன் எளிமை முடிந்துவிடுகிறது. மேசைக் கணினியில் திரை பெரிது, பழுதுபார்ப்பும் சுலபம். என்றாலும் 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போன நாட்டில், தனக்கென்று பற்றரி இல்லாத கருவியை முதியவர் தலையில் கட்டுவது சரியல்ல. குரோம்புக் தூய்மையான வடிவமைப்பு. வைரஸ் தொல்லை மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு மொடலுக்கும் புதுப்பிப்பு நிற்கும் தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது, மலிவாகக் கிடைக்கும் பழையவற்றுக்கு அந்தத் தேதி நெருங்கியிருக்கும்.

உண்மையான போட்டி புதிய மலிவு மடிக்கணினிக்கும் பாவித்த அலுவலக மடிக்கணினிக்கும் இடையில்தான்.

புதியதன் நிறைகள் பொய்யல்ல: பெட்டி பிரிக்காதது, உத்தரவாதம் உண்டு, பற்றரி தேயாதது, எடை குறைவு. குறைகள் உள்ளே இருக்கின்றன. செலரோன் என்4020 போன்ற இரண்டு கோர் சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு என்பதே இந்த வகுப்பின் வழக்கமான அமைப்பு. விண்டோஸ் 11 கேட்கும் ஆகக் குறைந்த அளவும் 4 ஜிபி, 64 ஜிபிதான். வாசற்படியிலேயே நிற்கும் கருவி இது. இரண்டு பெரிய புதுப்பிப்பு வந்ததும் இடம் போதாது என்ற அறிவிப்பு வரும். அதை வாசித்து என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டியவர், இதெல்லாம் தெரியாமலேயே இருக்கட்டும் என்று நாம் நினைத்த அந்த முதியவர். இன்னொன்று இதைவிடப் பெரிது: இஎம்எம்சி தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டது. பலகை எரிந்தால் காணி உறுதியின் பிரதியும் அதோடு போகும். கழற்றி எடுக்கக்கூடிய எஸ்எஸ்டி என்றால், பலகை செத்தாலும் மன்னார் டவுனிலோ வவுனியாவிலோ ஒரு பையன் அதை வேறு கணினியில் மாட்டி மீட்டுத் தருவான்.

திரையைத் தனியாக எடை போட வேண்டும். மலிவு மடிக்கணினிகளில் இன்னும் 1366×768 புள்ளித் திரைகள் வருகின்றன. இளம் கண்ணுக்கு அது சமாளிக்கக்கூடியது. முதியவருக்காக எழுத்தை 150 சதவீதத்துக்குப் பெருக்கினால், உயரத்தில் 512 புள்ளிக்கான இடமே மிஞ்சுகிறது. படிவத்தின் அடியில் உள்ள பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். 1920×1080 திரையில் அதே பெருக்கத்துக்குப் பிறகும் 720 இருக்கும். தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம். மங்கிய திரையில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து ‘ன்’ ‘ன’வாகத் தெரிகிறது. பெருக்காமல் வாசிக்க முடியாது, பெருக்கினால் பக்கம் பாதி போய்விடும் என்றால் அது முதியவருக்கான கருவியே அல்ல.

இங்கேதான் பாவித்த அலுவலக இயந்திரம் முன்னுக்கு வருகிறது. 2018 தலைமுறையின் திங்க்பேட் டி480, எலைட்புக் 840 ஜி5, லெட்டிட்யூட் 7490 ஆகியவை பெரும்பாலும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் சில்லுடன் வந்தவை. விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் இந்த எல்லைக்கோடு தீர்மானமானது. ஏழாம் தலைமுறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விண்டோஸுக்காக அதை வாங்கக் கூடாது. நினைவகத்தையும் எஸ்எஸ்டியையும் கழற்றி மாற்றலாம். டி480இல் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது ஒன்று என இரண்டு பற்றரி. கரண்ட் போகும் ஊருக்கு இது பெரிய வசதி. விசைப்பலகை ஆழமாக அமிழும், நடுங்கும் விரலுக்கும் எந்த எழுத்து விழுந்தது என்று தெரியும்.

குறைகளையும் அதே கண்டிப்போடு சொல்ல வேண்டும். பற்றரி தேய்ந்திருக்கும். உத்தரவாதம் கடைக்காரரின் வாய்ச்சொல்லைத் தாண்டிப் போவது அபூர்வம். மொடல் பெயரும் எதையும் உறுதி செய்யாது: டி480இலேயே 768 திரை வைத்து விற்றவை உண்டு. அதன் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் பழையதாக இருந்தால் யூஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஏறாமல் போகும் கோளாறும் அறியப்பட்டது. வாங்குமுன் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்க்க ஆள் இல்லாத குடும்பத்துக்கு இந்தத் தெரிவு பாதுகாப்பானதல்ல.

இயங்குதளத்தில் லினக்ஸ் மின்ட் மதிப்புக்குரிய மாற்று. இலவசம், பழைய சில்லிலும் ஓடும், ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆதரவு. இலங்கையில் தட்டச்சு பழகியவர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகையையும் அதில் அமைத்துக்கொள்ளலாம். என்றாலும் பெரியமடுவில் ஏதாவது நின்றுபோனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்தது விண்டோஸ். உதவி எங்கே கிடைக்கிறதோ அங்கேயே நிற்பதுதான் முறை. தூரத்திலிருந்தே பராமரிக்கத் தெரிந்த மகனோ மகளோ இருந்தால் மட்டும் மின்ட்டைச் சொல்வேன்.

என் தீர்ப்பு: 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 1080 திரை, புதுப் பற்றரி கொண்ட எட்டாம் தலைமுறை அலுவலக மடிக்கணினி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சற்றுத் தாண்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதைப் பார்த்த குடும்பங்கள் இரண்டு தடவை வாங்க முடியாது. முதல் தடவையே ஆண்டுக்கணக்கில் நிற்பதாக இருக்க வேண்டும். எழுத்து வேலையும் காகித வேலையும் அறவே இல்லாதவருக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது, அவருக்கு டப்லட்டே போதும். மடிக்கணினியில் வட்ஸ்அப் இணைத்தாலும் கைப்பேசியை 14 நாளைக்கு மேல் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும் என்பதை மடிக்கணினி பெறும் முதியவருக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். புதிய விண்டோஸ் 11 எஸ்எஸ்டியைத் தானாகவே பூட்டிவைக்கக்கூடும்; பிறகு அதை வேறு கணினியில் மாட்டினால் சாவி கேட்கும். அதன் மீட்புச் சாவி எண்ணைக் இரண்டு காகிதத்தில் எழுதி, ஒன்றை அவரது அலுமாரியில் வைத்து இன்னொன்றைப் புத்தளத்தில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துவையுங்கள்.