அம்மியோரத்துச் சிவப்பு

மிளகாய் வத்தல் சட்னிக்கு மரியாதை குறைவு. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி தீர்ந்துபோனால்தான் அதைத் தேடுவார்கள். எனக்கோ அதுதான் முதலில் வேண்டும். குண்டு வத்தலைக் காதோரம் ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அந்தச் சத்தத்திலேயே நாக்கு ஊறிவிடும். வெந்நீரில் கிடந்து தோல் தளர்ந்ததும் கல் உப்போடு அம்மியில் ஏறும். முதலில் நறநறவென்று முரண்டு பிடிக்கும். புளியும் பூண்டும் சேர்ந்தபின் குழவியின் சத்தமே மாறி, ஈரமாக வழுக்கிப் போகும். சின்ன வெங்காயத்தைக் கடைசியில் வைத்து ஒரு நசுக்கு, அவ்வளவுதான். மையாக அரைத்தால் ருசி போச்சு. (மிக்ஸியில் அரைத்ததையும் சாப்பிடுவேன், குறை சொல்லிக்கொண்டே.)

“எண்ணெய விடுடா, காரம் அடங்கட்டும்” என்பார் அம்மாச்சி. நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினால், ஓரமெல்லாம் செம்மஞ்சளாய்க் கசியும். மிச்சத்தை மறுநாள் தோசை வேகும்போதே மேலே தடவுவோம். கல்லில் சுர்ரென்று கமறி, வீட்டில் எல்லோரும் தும்முவோம். கத்தரிக்காய் வதக்கலில் ஒரு கரண்டி விட்டால் வேறு மசாலா கேட்காது. எனக்குப் பிடித்தது அதற்கெல்லாம் முன்பே: அம்மியை வழித்த கையோடு, அந்தச் சிவப்பு ஈரத்தில் ஒரு பிடி சுடுசோற்றைப் புரட்டி எடுப்பது.