‘ஆனந்தி கோபாள்’ : வேட்கை யாருடையது?

ஸ்ரீ. ஜ. ஜோஷியின் ‘ஆனந்தி கோபாள்’ என்னும் மராத்திப் புதினம், 1887இல் புனேயில் மறைந்த மருத்துவர் ஆனந்திபாய் ஜோஷியின் வாழ்க்கையைத் தழுவியது. மனைவி பெயரையடுத்துக் கணவர் பெயரை நிறுத்துவது மராத்தி மரபு. தமிழில் அவ்வாறே எழுதின், படிப்போர் கோபாளைத் தந்தையெனக் கொள்ளக்கூடும். இது பெயர்ச் சிக்கல் மட்டுமன்று.

மனைவியைக் கற்பித்தே தீர்வது என்ற கோபாளராவின் பிடிவாதமே புதினத்தில் மேலோங்கி நிற்கிறது. ஆனந்திபாய்க்கு 9 வயதில் மணம். 14 வயதில் மகப்பேறு. தக்க மருத்துவ உதவியின்றிக் குழந்தை 10 நாளில் இறந்தது. 1886இல் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற அவர் அளித்த ஆய்வேடு, ஆரிய இந்துக்களிடையே மகப்பேற்று மருத்துவம் பற்றியது. இப்பொருள் தேர்வைக் கணவரின் பிடிவாதம் கொண்டு விளக்க இயலுமா? இளந்தாய்மை பெண்ணின் கல்வியை முடக்குவதே பெருவழக்கு. ஈண்டு அவ்விழப்பே அவருடைய நோக்கத்திற்குத் திசை காட்டிற்று எனலாம். (பிள்ளை பிழைத்திருப்பின் கப்பலேறியிருப்பாரா என்பது வேறொரு வினா, கசப்பானதும்கூட.)

ஆஷா தாம்லே 1992இல் இதனை ஆங்கிலத்தில் சுருக்கி மொழிபெயர்த்தார். தமிழாக்கம் செய்வோரும் சுருக்க நேரின், அப்பத்து நாள்களில் கை வைத்தல் ஆகாது.