மாங்கனி இல்லாத பாடல்கள்

காரைக்கால் அம்மையார் என்றதும் நமக்கு மாங்கனிதான் ஞாபகம் வருகிறது. கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு கனிகள், அடியாருக்கு இட்ட ஒன்று, அருளால் கையில் வந்த இன்னொன்று, பரமதத்தன் பயந்து விலகியது, அவர் உடலழகை உதறிப் பேயுரு வேண்டியது. இவ்வளவும் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் சொல்வது. அம்மையாரோ ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்கிறார்கள். பதினோராம் திருமுறையில் அவருடையவை அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. ஆக 143 பாடல்கள். இவற்றில் மாங்கனி இல்லை, கணவன் இல்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு குரல் இருக்கிறது. பேயானதற்குக் குடும்பக் காரணம் எதையும் அந்தக் குரல் சொல்வதில்லை.

சேக்கிழாரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் கவி, ஒரு பெண்ணின் கதையை அவர் சிருஷ்டித்திருக்கும் அழகு வேறு விஷயம். அந்தக் கதையைச் சாவியாக்கிப் பாடல்களைத் திறப்பவர்களிடம்தான் சண்டை. திறப்பது போலத் தோன்றினாலும் உண்மையில் பூட்டுகிறார்கள். கைவிடப்பட்ட மனைவியின் துறவு என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அந்தக் குரல் தாங்கக்கூடியதாகிவிடுகிறது. நாம் இரக்கப்படலாம். இரக்கம் சௌகரியமான தூரம். கதையை எடுத்துவிட்டுப் பதிகங்களைப் படித்தால் சுடுகாடு, நெருப்பு, நரி, உலர்ந்த உடம்பு, இவற்றின் நடுவே ஒரு ஆனந்தம். இரக்கப்பட இடமே கொடுக்காத ஆனந்தம். அதுதான் நம்மைத் தொந்தரவு செய்கிறது.

அப்படியானால் வியாக்கியானமே வேண்டாமா? சூசன் சொண்டாக் 1964இல் வியாக்கியானத்துக்கு எதிராகவே ஒரு கட்டுரை எழுதினார். கலையை அடக்கி வசப்படுத்தும் காரியம் அது என்பது அவர் கட்சி. அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. பழைய சொல்லுக்கு உரை இல்லாமல் நமக்கு ஒரு அடிகூட நகராது. உரையில் இரண்டு வகை உண்டு என்று எனக்குப் படுகிறது. சொல்லைத் திறந்துவிட்டு விலகிக்கொள்கிற உரை ஒன்று. உணர்ச்சிக்கு ஜாமீன் கொடுக்க வருகிற உரை மற்றொன்று. இரண்டாவதைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

பதிகங்கள் பாடப்பட்ட திருவாலங்காடு திருவள்ளூரைத் தாண்டி அரக்கோணம் போகிற பாதையில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே இரும்பு உருக்கும் உலை ஒன்றில் இரவு ஷிப்ட் பார்க்கிற நண்பர் ஒருவர், நாலைந்து பேர் கூடிய இடத்தில் ஒரு கவிதை படித்தார். உலையின் வாயைப் பார்த்து நிற்பவனுக்கு அந்த நெருப்பின் மேல் வருகிற ஆசை, கவிதை அவ்வளவுதான். ஒருவர் வர்க்கப் பிரக்ஞை எங்கே என்றார். இன்னொருவர் நெருப்பு எந்தப் பெண் என்று கண்ணடித்தார். மூன்றாமவர் இது யாருடைய பாதிப்பு என்று கேட்டார். ஆளுக்கொரு மாங்கனியை அவர் கையில் திணித்தார்கள். “நெருப்பைத்தான் சார் எழுதினேன்” என்றார் அவர். யாரும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூலியும் தீக்காயமும் பொய்யல்ல. அவற்றைப் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் அந்த ஆசையை ஒரு கணமாவது அதுவாகவே இருக்கவிட்ட பிறகு பேச வேண்டும். முதலிலேயே பேசினால் கவிதையைக் கேட்காமல் தப்பித்துக்கொள்ள ஒரு வழி என்றே ஆகிறது.

மனம் திறப்பது என்பதை இப்போது சொந்தக் கதையைக் கொட்டுவதாகவே புரிந்துகொள்கிறோம். அம்மையார் ஒரு தகவலும் தரவில்லை. ஆனாலும் அந்தக் குரலைப் போலத் திறந்து கிடக்கிற குரல் தமிழில் அதிகமில்லை. அந்தாதியின் தொடக்கத்திலேயே, அவன் துயர் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும் என் அன்பு போகாது என்கிற நிலைக்கு வந்துவிடுகிறார். அதில் பேரம் இல்லை. காரணமும் கைம்மாறும் கேட்காமல் நிற்பதுதான் திறப்பு. வாசகனிடமும் கவிதை கேட்பது இதையே.

வாழ்க்கையிலும் வேறல்ல. மனசு சரியில்லை என்று பக்கத்திலிருப்பவர் சொன்னதும் ‘ஏன்?’ என்கிறோம். கேட்டு முடிப்பதற்குள் காரணம் வேண்டியிருக்கிறது. காரணம் தெரிந்ததும் நமக்கு ஆறுதல். சொன்னவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

பதிகங்கள் இரண்டிலும் சேர்த்து 22 பாடல்கள்தான். ஒரு அகராதியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலையில் படித்துவிடலாம். அதற்குப் பிறகு சேக்கிழாரிடம் போங்கள். அவரும் வேறு கவியாகத் தெரிவார்.