மூன்று சோடிச் சப்பாத்தும் ஒரு பயண நூலும்

இப்னு பதூதாவை நாம் பெரும்பாலும் சாட்சி சொல்லவே அழைக்கிறோம். 1344ஆம் ஆண்டு அவர் இலங்கையில் கரையிறங்கியதும், இன்றைய புத்தளம் எனக் கருதப்படும் ஊரில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததும், பாரசீகம் விளங்கிய அம்மன்னர் பாவா ஆதம் மலைக்குச் செல்ல உதவியதும் நமது கட்டுரைகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகின்றன. நமது பூர்வீகத்தை நிறுவ அச்சில பக்கங்கள் தேவைதான். ஆனால் அவர் ஓர் எழுத்தாளர் என்பதை அந்தத் தேவை மறைத்துவிடுகிறது.

அவரை எழுத்தாளராக அறிய விரும்புவோர் இன்றைய ருஷ்யாவின் தென்பகுதியில் அவர் செய்த பனிக்காலப் பயணத்தைப் படிக்க வேண்டும். கிப் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டாம் தொகுதியில் (1962) அது உள்ளது. கொன்ஸ்தாந்துநோபிளிலிருந்து திரும்பும் அவர், உஸ்பெக் கானின் தலைநகரான சராயை நோக்கி, உறைந்துபோன வொல்கா நதியின் மீதே பயணம் செய்கிறார். உடம்பில் மூன்று உரோம அங்கிகள். கால்களில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சோடிச் சப்பாத்துகள். உடைகளின் பாரத்தால் குதிரையில் ஏற முடியாமல் தோழர்கள் தூக்கி ஏற்றுகிறார்கள். நெருப்பருகே சுடுநீரில் வுழூச் செய்தும், முகம் கழுவிய நீர் தாடியில் உறைந்து, உதறும்போது பனித்துகளாக உதிர்கிறது.

மார்க்க அறிஞர், காழியாக இருந்தவர் தன்னைப் பற்றி இப்படிச் சொல்கிறார். இங்கே பெருமை இல்லை, குளிர் இருக்கிறது. பனியைக் காணாத யாழ்ப்பாணத்து வாசகனுக்கும் அது உறைக்கிறது. காரணம், வுழூவின் நீர் அவனுக்கும் தெரிந்த நீர்.

இதே நூலில் பல்கார் நகருக்குப் போனதாகவும் அவர் கூறுகிறார். ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைப் பத்து நாட்களில் கடந்தாராம். அது நடந்திராத பயணம் என 1929இல் யனிசெக் என்ற ஆய்வாளர் வாதிட்டார். பலரும் அதனை ஏற்றுள்ளனர். அப்பகுதியில் றமழான் இரவின் குறுக்கம் உண்டு, பயணியின் உடம்பு இல்லை. மக்கா, மதீனா, திமிஷ்க் வருணனைகளிலோ இப்னு ஜுபைரின் முந்திய நூலிலிருந்து பெரும்பகுதி எடுத்தாளப்பட்டுள்ளது. புனித நகரங்களை எழுத முன்மாதிரி இருந்தது. உறைந்த தாடியை எழுத யாரிடமும் கடன் வாங்க முடியாது.

நமது ஹஜ் பயண நூல்கள் பலவற்றின் குறையும் இதுதான். கிரியைகளின் ஒழுங்கு, வரவேற்றோர் பெயர்கள், பள்ளிவாசல்களின் அளவு எல்லாம் இருக்கும். வெயிலில் வெடித்த பாதம் மட்டும் இராது.

இது ஹஜ் நூல்களோடு முடியும் விடயமல்ல. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். பலர் போய்ச் சேர்ந்ததும் அதே புத்தளம்தான். தொகையும் திகதியும் அறிக்கைகளில் உள்ளன. சிலர் தம் அனுபவங்களை எழுதியுமிருக்கிறார்கள், போதாது. யார் காலில் செருப்பிருந்தது, பிள்ளைக்கு எங்கே தண்ணீர் கிடைத்தது, அன்றைய மஃரிபை எந்த மண்ணில் தொழுதார்கள் என்பதை அறிக்கை எழுதாது.

இப்னு பதூதா தன் பனிக்காலத்தைச் சொல்லி எழுதுவித்தது ஏறத்தாழ இருபது வருடங்கள் கழித்து, 1355 அளவில். நமக்கோ முப்பது வருடங்கள் கடந்துவிட்டன. அன்று பிள்ளைகளைத் தூக்கி நடந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுத முடியாதவர்கள் சொல்லட்டும். பக்கத்தில் கொப்பியோடு ஒருவர் இருந்தால் போதும்.