விவிலியத்தில் பாம்புக் குறியீடு: நன்மை, தீமை, மொழிபெயர்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ மறைநூலில் பாம்பு தீமையின் குறியீடு என்பது பரவலான கருத்து. அது நூலின் இறுதிப் பகுதியிலிருந்து முற்பகுதியின்மேல் ஏற்றப்பட்ட கருத்து என்பதையும், பாம்புக்கு உரியதாக மூலம் கூறும் அறிவுப் பண்பு தமிழ் மொழிபெயர்ப்புகளில் வெவ்வேறு சொற்களாகப் பிரிந்தமையால் அக்கருத்து மேலும் வலுப்பெற்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விவிலியம், குறியீடு, பாம்பு, நன்மை – தீமை, தமிழ் மொழிபெயர்ப்பு

ஏதேனில் பேசிய விலங்கு

ஏதேன் தோட்டத்துப் பாம்பைச் சாத்தான் என்று கொள்ளாத கிறித்தவ வாசகர் அரியர். ஆயினும் ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் சாத்தான் என்ற பெயர் இல்லை. அலகை, பிசாசு என்ற சொற்களும் இல்லை. கடவுள் படைத்த காட்டு விலங்குகளுள் ஒன்றாகவே பாம்பு அங்கு அறிமுகமாகிறது. அதற்கு விதிக்கப்படும் தண்டனையும் விலங்குக்குரியது: வயிற்றால் ஊர்ந்து மண்ணைத் தின்னுதல். வீழ்ந்த வானதூதர் ஒருவருக்கு இத்தகைய தண்டனை பொருந்துமா என்ற கேள்வி எழாமல் இராது.

'சாத்தான்' என்ற எபிரேயச் சொல்லின் தொடக்கப் பொருள் எதிர்த்து நிற்பவன் என்பதே. எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்தில் பிலேயாமின் வழியை மறித்து நிற்கும் ஆண்டவரின் தூதரையே அச்சொல் சுட்டுகிறது. யோபு நூலிலோ அது கடவுளின் அவையில் குற்றம்சாட்டும் பொறுப்புடைய ஒருவரைக் குறிக்கிறது. பாம்பும் சாத்தானும் ஒன்றே என்று வெளிப்படையாகச் சொல்லும் இடங்கள் திருவெளிப்பாடு நூலின் 12, 20 ஆகிய அதிகாரங்கள். அதற்கு முன்பே, அலகையின் பொறாமையால் சாவு உலகில் நுழைந்தது எனச் சாலமோனின் ஞானம் (2:24) கூறினாலும், அங்குப் பாம்பு பெயர் சொல்லப்படவில்லை. ஆகவே ஏதேன் காட்சியில் இன்றைய வாசகர் காணும் சாத்தான், நூலின் கடைசி ஏடுகளிலிருந்து முதல் ஏடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டவன். இத்தகைய பின்னோக்கிய வாசிப்பு கிறித்தவ மரபுக்கு இயல்பானது. இரண்டாம் நூற்றாண்டிலேயே இரனேயு ஆதியாகமம் 3:15-ஐக் கிறிஸ்துவின் வெற்றியை முன்னுரைக்கும் பகுதியாக வாசித்தார். அதனைப் பிழை என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் அவ்வாசிப்பு எதனை மறைக்கிறது என்று கேட்பது திறனாய்வின் கடமை.

ஒரு சொல், பல தீர்ப்புகள்

பாம்பை வருணிக்கும் எபிரேயச் சொல் 'அரூம்'. இது தன்னளவில் இழிசொல் அன்று. யோபு நூலில் (5:12, 15:5) வஞ்சகரைக் குறிக்கும் இதே சொல், நீதிமொழிகளில் பேதைக்கு எதிர்நிலையில் வைத்துப் போற்றப்படும் மனிதரைக் குறிக்கிறது (14:15, 22:3). ஒரே திறன், பயன்படுத்துபவரைப் பொறுத்து இருவகைப்படுகிறது. மேலும், முந்தைய அதிகாரத்தின் இறுதி வசனத்தில் ஆதாம், ஏவாள் இருவரின் ஆடையற்ற நிலையைச் சுட்டும் 'அரூம்மிம்' என்ற சொல்லோடு இது ஓசையால் இணைகிறது. மறைப்பு ஏதுமற்றவர்களுக்கு அருகே, மறைத்துப் பேசத் தெரிந்த ஒன்று வந்து நிற்பதை எபிரேயச் செவி உடனே உணர்ந்திருக்கும். எந்த மொழிபெயர்ப்பும் இதனைக் காப்பாற்றுவது அரிது.

காப்பாற்றியிருக்கக்கூடிய மற்றொன்று உண்டு. எபிரேய மறைநூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பதிப்பு, 'அரூம்' என்பதை இவ்விடத்தில் 'ஃபுரோனிமோஸ்' என்ற சொல்லின் மிகைப்படி வடிவத்தால் பெயர்த்தது. மத்தேயு 10:16-இல் இயேசு தம் சீடரைப் பாம்பைப் போல இருக்கச் சொல்லும்போது வருவதும் அதே 'ஃபுரோனிமோஸ்'. பாறைமேல் வீடு கட்டியவருக்கும், எண்ணெயோடு காத்திருந்த ஐந்து கன்னியருக்கும் மத்தேயு தரும் அடைமொழியும் அதுவே. ஓநாய்களிடையே ஆடுகளாக அனுப்பப்படுவோருக்கு, ஏதேனில் பாம்பிடம் இருந்த அதே பண்பு கட்டளையாகத் தரப்படுகிறது என்பதைக் கிரேக்கத்தில் வாசித்தோர் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.

தமிழில் அந்தத் தொடர்பு அறுந்துள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் பவர் திருப்புதலில் ஆதியாகமத்துப் பாம்பு 'தந்திரம்' உடையது. மத்தேயுவில் பாம்புகள் 'வினா' உடையவை. கன்னியரோ 'புத்தி' உடையவர்கள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் முதலாவதைச் 'சூழ்ச்சி' என்றும் இரண்டாவதை 'முன்மதி' என்றும் பெயர்க்கிறது. ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் பொருத்தமானதே. பவுல் 2 கொரிந்தியர் 11:3-இல் அதே பாம்பைப் பற்றிப் பேசுகையில் 'ஃபுரோனிமோஸ்' என்பதை விட்டு, வஞ்சகத்தைக் குறிக்கும் வேறு சொல்லைத் தேர்ந்ததால், 'தந்திரம்' என்னும் பெயர்ப்புக்குப் புதிய ஏற்பாட்டிலேயே ஆதரவு உண்டு என்றும் வாதிடலாம். ஆயினும் பவுலின் தீர்ப்பு கதை முடிந்தபின் சொல்லப்படுவது. கதையின் முதல் வரியிலேயே அத்தீர்ப்பை வைத்துவிட்டால், பெண்ணும் ஆணும் ஆராய்ந்து தேர்வதற்கு முன்பே எதிரில் நிற்பது தீமை என வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. தீமை புறத்தேயிருந்து வந்த ஒரு பிராணியின் இயல்பாகச் சுருங்க, அறிவை எவ்வாறு பயன்படுத்துவது என்ற மனிதப் பொறுப்பு பின்னுக்குச் செல்கிறது. கதையில் கடவுள் முதலில் விசாரிப்பதோ மனிதரைத்தான். பாம்பிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

கம்பத்தில் ஏற்றப்பட்ட உருவம்

எண்ணாகமம் 21-ஆம் அதிகாரத்தில் குறியீட்டின் இருநிலை இன்னும் கூர்மையடைகிறது. பாலைவெளியில் முறுமுறுத்த மக்களைப் பாம்புகள் கடிக்கின்றன. கடிபட்டோர் வெண்கலப் பாம்பை நோக்கிப் பிழைக்கின்றனர். நோயின் உருவமே மருந்தின் உருவமாகிறது. இப்பாம்புகளுக்கு வழங்கும் 'சாராப்' என்ற சொல் எரிப்பது எனப் பொருள்படும்; ஏசாயா 6-இல் கடவுளின் அரியணையருகே நின்று தூய்மை பாடும் சேராபீன்களின் பெயரும் இச்சொல்லே. பவர் திருப்புதல் முன்னதைக் 'கொள்ளிவாய்ச் சர்ப்பம்' என்கிறது. 'எரிப்பது' என்ற பொருளுக்கு நெருங்கிய சொல்தான். ஆனால் தமிழ்ச் செவிக்குக் கொள்ளிவாய் என்றதும் பிசாசு நினைவுக்கு வருகிறது. பின்னது ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. பாலைவனத்துக் கொடிய உயிருக்கும் விண்ணகப் பணியாளருக்கும் ஒரே பெயர் என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை. கடும் நஞ்சுடைய பாம்பையே 'நல்ல பாம்பு' என்று வழங்கும் மொழிக்கு இந்த இருநிலை அந்நியமானதும் அன்று.

மீட்சி தந்த அவ்வுருவத்தின் பிற்காலம் மேலும் சிந்திக்கத்தக்கது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டு இறுதியை ஒட்டி ஆண்ட எசேக்கியா, மோசே செய்த வெண்கலப் பாம்பை உடைத்தெறிந்தார். நெகுஸ்தான் எனப்பட்ட அதற்கு இஸ்ரயேலர் தூபம் காட்டிவந்ததே காரணம் (2 அரசர்கள் 18:4). உலோகம் மாறவில்லை, உருவமும் மாறவில்லை. மாறியது, மக்கள் அதன் முன் நின்ற முறை. சாலமோனின் ஞானமும் (16:7) இதனை உணர்ந்தே, நோக்கியவர் மீட்படைந்தது கண்ட பொருளால் அன்று, கடவுளாலேயே என்று தெளிவுபடுத்துகிறது. நன்மையோ தீமையோ குறியீட்டுப் பொருளுக்குள் நிலையாகக் குடிகொண்டிருப்பதில்லை என்பதற்கு விவிலியத்திற்குள்ளேயே இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

யோவான் நற்செய்தி (3:14) இப்பின்புலம் முழுவதையும் சுமந்தே சிலுவையை அவ்வெண்கலப் பாம்போடு ஒப்பிடுகிறது. பாம்பு என்றாலே சாத்தான் என்று கொள்பவருக்கு இவ்வொப்புமை இடறலாகவே அமையும். அதனால்தான் மறையுரைகளில் பலரும் நோக்குதல், நம்புதல் என்பனவற்றை மட்டும் விளக்கிவிட்டுப் பாம்பைக் கடந்துவிடுகின்றனர். இங்கு யோவான் கையாளும் கிரேக்க வினை, கம்பத்தில் ஏற்றுதலையும் மேன்மைப்படுத்துதலையும் ஒருங்கே குறிக்கும். தமிழ் இவ்விடத்தில் மூலத்துக்கு இணையாக நிற்கிறது: 'உயர்த்தப்படுதல்' என்னும் சொல் தண்டனைக் கம்பத்துக்கும் பொருந்துகிறது, மாட்சிக்கும் பொருந்துகிறது.