சொல் யார் வாயில்?

கோவளம் ஐரோப்பியர் நாவில் ‘கோவ்லாங்’ ஆயிற்று. ஒலி சிதைந்தது, ஊர் இழிவுறவில்லை. பறையர் என்னும் இனப்பெயரோ ‘பரையா’ ஆகி, ‘விலக்கப்பட்டவன்’ என்ற பொருளோடு ஆங்கில அகராதி ஏறிற்று! உலகம் ஒதுக்கும் அரசுகளை இன்றும் அச்சொல்லாலேயே ஏசுகின்றன ஆங்கில ஏடுகள்.

கோவளம் அடங்கிய செங்கற்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டினார், பழியைக் கொடியாக்கினார். எம்.சி. ராஜாவோ அப்பெயரை விலக்கி, ‘ஆதி திராவிடர்’ எனும் பெயரை 1922-இல் சென்னை அரசை ஏற்கச் செய்தார். முரணா? அன்று! ஏற்பதும் மறுப்பதும் பெயருக்குரியோர் உரிமை.

“பழகிய உவமைதானே!” என்பர் ஏட்டாளர். அப்பெயரைத் தாங்கும் மக்கள் வாழ்கின்றனரே, அவர்களைக் கேட்டனரா?