தொடாமல் விடும் கை

கருவியைக் கழற்றத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். எதைக் கழற்றக் கூடாது என்று தெரிந்தவர் அபூர்வம். ராணுவத்தில் பைனாகுலரையும் பீரங்கிக் குறிநோக்கியையும் ரேடியோ செட்டையும் பழுதுபார்த்தே பணிக்காலம் முழுவதையும் கழிப்பவர்களின் கலையை நான் ரசிப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். அவர்களுடைய தேர்ச்சியின் உச்சம் அடக்கம். இந்தக் கைத்திறனின் அருமையை ராணுவம்கூட நெருக்கடியில்தான் உணர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941-இல், படைகளில் இருக்கும் தேர்ந்த தொழிலாளர்கள் சரியாகப் பயன்படுகிறார்களா என்று பார்க்க வில்லியம் பெவரிட்ஜ் தலைமையில் பிரிட்டிஷ் அரசு ஒரு குழுவை அமைத்தது. அங்கங்கே சிதறிக் கிடந்த திறமையை ஓரிடத்தில் சேர்க்கச் சொன்னது அந்தக் குழு. அதையொட்டி 1942-இல் பிரிட்டனிலும், 1943 அக்டோபர் 15-இல் இந்தியாவிலும் பழுதுபார்ப்புக்கென்றே தனிப் படைப்பிரிவு பிறந்தது. நம் ராணுவத்தில் அதை இ.எம்.இ. என்பார்கள். செகந்திராபாத்திலும் வடோதராவிலும் அதன் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன.

ஒரு சாதாரண பைனாகுலரை எடுத்துக்கொள்வோம். கீழே விழுந்து பட்டறைக்கு வந்திருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இரண்டு குழல்களும் தெளிவாகவே காட்டுகின்றன. ஆனால் அதை வைத்துக் காவல் பார்த்த வீரர் தலை வலிக்கிறது என்கிறார். லென்ஸில் குறையில்லை, இரண்டு குழல்களின் ஒளி அச்சுகள் இணை தப்பியிருக்கின்றன. பக்கவாட்டில் விலகினால் நம் கண்கள் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மேலும் கீழுமாக விலகினால், ஒரு பாகையில் மிகச் சிறிய பங்குகூடத் தாங்காது. பழுதுபார்ப்பவர் அதைக் கொலிமேட்டர் முன் வைக்கிறார். வெகுதொலைவில் இருப்பதுபோல் தோன்றும் ஒரு சிலுவைக் குறியைக் காட்டும் குழாய் அது. பல பைனாகுலர்களில் முன்பக்க லென்ஸ், மையம் சற்றே தப்பிய இரண்டு வளையங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக அமர்ந்திருக்கும். வளையங்களை மெல்லத் திருப்பத் திருப்ப, லென்ஸ் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, இரண்டு குழல்களின் சிலுவைகளும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காரும். பைனாகுலரை மடக்கினாலும் விரித்தாலும் அவை பிரியக் கூடாது. உள்ளேயிருக்கும் பிரிசத்தைப் பிடித்திருக்கும் தகட்டை இன்னும் கால் சுற்று முறுக்கினால் உறுதியாக இருக்குமே என்று கை துறுதுறுக்கும். முறுக்கினால் கண்ணாடிக்குள் அழுத்தம் ஏறி உருவம் கெட்டுவிடும். போதும் என்று விரல் நிற்கும் அந்த இடம்தான் எனக்கு இந்தக் கலையின் இனிமையான இடம்.

கண்ணாடியைத் துடைப்பதிலும் இதே கதை. பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின்மேல் ஏற்றும் மக்னீசியம் ஃப்ளோரைடு பூச்சின் கனம், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவுதான். ராஜஸ்தான் மணல் ஒட்டிய லென்ஸைச் சட்டை நுனியால் ஒருமுறை தேய்த்தால் பூச்சோடு கண்ணாடியும் கீறிப்போகும். அதனால் முதலில் காற்றால் ஊதுகிறார்கள். பிறகு மென்மையான தூரிகை. கறை மிஞ்சினால் மட்டுமே கரைப்பான் தொட்ட தாள். ஈர நிலத்தில் எதிரி வேறு. நியூ கினி காடுகளில் போரிட்ட ஆஸ்திரேலியப் படையின் கருவிகளுக்குள் பூஞ்சை படர்ந்து பார்வையை மறைத்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் அதை ஆராய்ந்து, பாதரசம் கலந்த பூஞ்சைக்கொல்லியைத் தீர்வாகச் சொன்னார்கள். பூஞ்சை கண்ணாடியைத் தின்பதில்லை. தூசியிலும் கிரீஸிலும் வளர்ந்து, தான் கசியும் அமிலத்தால் கண்ணாடியை அரிக்கிறது. உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி மூடிய கருவியைத் தேவையில்லாமல் திறப்பது ஈரத்துக்கு வாசலைத் திறந்துவிடுவதற்குச் சமம். அதனால் உள்ளே இருக்கும் சிலிக்கா மணிகளின் நிறத்தைப் பார்க்கிறார்கள். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் புகுந்துவிட்டது. நீலமாகவே இருந்தால் திருகாணியில் கை வைப்பதில்லை.

மின்னணுவியலில் இந்த அடக்கம் சிந்தனையாக வேலை செய்கிறது. பட்டறையில் நன்றாகப் பேசி, லடாக் குளிரில் மட்டும் ஊமையாகிவிடும் ரேடியோ செட் ஒன்று வருகிறது. பழகாதவர் எல்லா இணைப்புகளையும் சோல்டரிங் அயர்னால் சுட்டுப் புதுப்பிப்பார். பழைய குறை போகுமோ இல்லையோ, புதிதாக நான்கு சேரும். தேர்ந்தவர் சர்க்யூட்டின் நடுவில் ஓரிடத்தில் சிக்னலைப் பார்க்கிறார். அங்கே இருந்தால் குறை பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். அந்தப் பாதியையும் பாதியாக்கிக்கொண்டே போய், கடைசியில் சந்தேகத்துக்குரிய ஓர் உறுப்பின்மேல் மட்டும் குளிர்விக்கும் ஸ்ப்ரேயை அடிக்கிறார். செட் அடங்கினால், விரிசல் விட்ட அந்த ஒரு இணைப்பை மட்டும் தொடுகிறார். இரவுநோக்கியின் குழாயில் ஓரமாக ஒரு சின்னக் கரும்புள்ளி தெரிந்தால், தரவிதி அனுமதிக்கும் அளவுக்குள் அது இருக்கிறதா என்று பார்த்து அப்படியே திருப்பி அனுப்புவதும் இதே தீர்ப்புதான். விலையுயர்ந்த அந்தக் குழாயை மாற்றுவது சுலபம். மாற்றாமல் கையெழுத்திடத்தான் தைரியம் வேண்டும்.

இப்போது யார் பழுதுபார்க்கிறார்கள், கருவியே தன் குறையைத் திரையில் சொல்லிவிடுகிறது, போர்டை மாற்றினால் வேலை முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. எல்லை முனையில் அதுதான் சரியும்கூட. அங்கே நேரம்தான் முக்கியம். ஆனால் போர்டு ஏன் போனது என்று திரை சொல்லாது. ஈரம் அரித்த கனெக்டர் காரணமென்றால் புதிய போர்டும் அதே வழியில் போகும். லேசர் தூரமானி தன்னைத்தானே சோதித்து எல்லாம் சரி என்று காட்டும்; அதன் கதிரும் குறிநோக்கியின் சிலுவையும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லையென்றால், டாங்கிக்குப் பதிலாகப் பக்கத்து மரத்தின் தூரத்தைத் துல்லியமாக அளந்து கொடுக்கும். ராணுவக் கணக்கில் வட்டம் 6400 மில். ஒரு மில் பிசகினால் 2000 மீட்டரில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளிப்போகும். ஆவடியிலும் தயாரான டி-72 டாங்கியின் உயரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கையேட்டில் எழுதியதைச் செய்வது எப்படிக் கலையாகும் என்று கேட்கலாம். மிருதங்கம் கட்டுபவருக்கும் அளவும் முறையும் உண்டு. மேடையில் அவர் பெயரைச் சொல்வதில்லை. அவர் கை நன்றாக இருந்தால் வாசிப்பவரின் நாதம்தான் நம் காதில் விழுகிறது. கையேடு எல்லையைத்தான் சொல்கிறது. இந்தக் கருவி எந்த மண்ணிலிருந்து வந்தது, என்ன அடி வாங்கியது என்பதைக் கை படித்துக்கொள்ள வேண்டும். இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது: கொல்வதற்கு உதவும் கருவியில் என்ன அழகு? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. போர் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிசகிய குறிநோக்கி போரைக் குறைப்பதில்லை. குண்டை வேறெங்கோ, ஒருவேளை ஒரு வீட்டின்மேல், கொண்டுபோய்ப் போடுகிறது. எல்லையில் இந்தக் கருவிகள் பெரும்பாலான நேரம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. வருவது ஆளா மாடா என்று சரியாகத் தெரிந்தால் சுடாமல் இருக்கலாம்.

இந்தக் கைகள் நமக்கு மிக அருகிலேயே இருக்கின்றன. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் நம்மிடம் உண்டு. படைவீரர்களில் பலர் நாற்பது வயதையொட்டி ஓய்வு பெற்று வந்துவிடுகிறார்கள். பிறகு வங்கி வாசலிலும் ஏ.டி.எம். வாசலிலும் காவலுக்கு நிற்கிறார்கள். அவர்களில் கருவி பழுதுபார்த்தவர் யாரென்று நம் ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் தேடிப்பிடித்து, வாரத்துக்கு ஒரு வகுப்பாவது எடுக்கச் சொல்ல வேண்டும். ஸ்க்ரூடிரைவர் பிடிக்க அங்கே ஏற்கனவே சொல்லித்தருகிறார்கள். அதை எப்போது கீழே வைப்பது என்று இவர்கள் சொல்லித்தரட்டும்.